விற்காமல் போன செய்தி

காதல் படத்தின் முடிவை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவது நல்ல பழக்கம் இல்லைதான். ஆனால் ‘ரோமன் ஹாலிடே’ வந்து எழுபது வருடங்கள் தாண்டிவிட்டன. இதற்கு மேலும் பொத்திப் பொத்தி வைத்து என்ன ஆகப் போகிறது?

ரோமில் ஓர் அரண்மனை. தூண்களும் ஓவியங்களுமாக நீண்டு கிடக்கும் கூடம். இளவரசி பேட்டியை முடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பத்திரிகைக்காரர்கள் கலைந்துவிட்டார்கள். ஒருவன் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறான். பிறகு கைகளைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு வாசலை நோக்கி மெதுவாக நடக்கிறான். காலடிச் சத்தம் கூடத்தில் எதிரொலிக்கிறது. காமிரா அவன் நடைக்கு ஈடுகொடுத்துப் பின்வாங்கிக்கொண்டே போகிறது. வாசல் பக்கம் வந்ததும் ஒரே ஒரு முறை திரும்பிப் பார்க்கிறான். யாரும் வரவில்லை. அவ்வளவுதான், படம் முடிந்தது.

முதல் முறை பார்த்தபோது, அவள் ஓடிவந்துவிடுவாள் என்று கடைசி நொடிவரை நம்பிக்கொண்டிருந்தேன். நம் சினிமா ஊட்டி வளர்த்த நம்பிக்கை அது. இப்போதெல்லாம் அந்த நடையைப் பார்க்கும்போது மனம் வேறொரு கணக்கும் போடுகிறது. அவளை இழந்துவிட்டு நடக்கிறான், சரி. கூடவே ஐயாயிரம் டாலரையும் வேண்டாம் என்று விட்டுவிட்டல்லவா நடக்கிறான்! காதல் படமாகக் கொண்டாடப்படும் இதன் அடியில், தனக்குத் தெரிந்ததை வெளியே சொல்லாமல் இருக்கும் ஒருவனின் கதை ஓடுகிறது. அது எப்படி உள்ளே வந்தது என்று தேடிப் போனால், 1947-ஆம் ஆண்டின் வாஷிங்டனில் போய் நிற்க வேண்டியிருக்கும். அதற்கு முன் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பெயர் சொல்லப்படாத ஏதோ ஓர் ஐரோப்பிய நாட்டின் இளவரசி ஆன். லண்டன், ஆம்ஸ்டர்டாம், பாரிஸ் என்று நல்லெண்ணப் பயணம் போய்விட்டு ரோமுக்கு வந்திருக்கிறாள். வரவேற்பில் வரிசையாக வரும் பிரமுகர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டே, நீண்ட கவுனுக்கு அடியில் வலிக்கும் காலைச் செருப்பிலிருந்து கழற்றி ஆற்றுகிறாள், செருப்பு உருண்டுவிடுகிறது. வசனம் எதுவும் இல்லாமலே அவள் சிறை எப்படிப்பட்டது என்று நமக்குப் புரிந்துவிடுகிறது. இரவில் அடம்பிடித்து அழ, டாக்டர் தூக்க ஊசி போடுகிறார். மருந்து வேலை செய்வதற்குள் ஒரு வண்டியின் பின்னால் ஒளிந்து ஊருக்குள் தப்பிவிடுகிறாள். சாலையோரத்தில் அரைத் தூக்கத்தில் கிடந்தவளை, சீட்டாடிவிட்டு வரும் அமெரிக்க நிருபன் ஜோ பிராட்லி வேறு வழியில்லாமல் தன் அறைக்கு அழைத்துப் போகிறான். அந்தக் குட்டி அறையைப் பார்த்துவிட்டு “இதுதான் லிஃப்டா?” என்று அவள் கேட்பது, இன்றைக்கும் சிரிப்பை வரவழைக்கும் இடம்.

மறுநாள் காலையில், பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்துத்தான் தன் அறையில் தூங்குவது யார் என்று ஜோவுக்குத் தெரிகிறது. உடனே அவன் செய்யும் காரியம், ஆசிரியரிடம் விலை பேசுவது. இளவரசியின் அந்தரங்கப் பேட்டி, படங்களோடு வந்தால் என்ன தருவீர்கள்? ஐயாயிரம் டாலர். உன்னால் முடியாது என்று ஆசிரியர் ஐந்நூறு டாலர் பந்தயமும் கட்டுகிறார்.

இந்தப் படத்தைப் பணத்தின் வழியாகப் பின்தொடர்ந்து பாருங்கள், தனிச் சுவை. ஜோவுக்கு வாடகை பாக்கி. கதாநாயகனுக்குரிய வசதி ஏதும் கிடையாது. இளவரசிக்கு அவன் கொடுப்பது ஆயிரம் லிரா. அவ்வளவு பணமா என்று அவள் வியக்கிறாள். அவன் கணக்குப்படி அது ஒன்றரை டாலர். வாழ்க்கையில் முதல் முறையாகக் கையில் காசு வந்தவள் செருப்பு வாங்குகிறாள், முடியை வெட்டிக்கொள்கிறாள், ஸ்பானியப் படிக்கட்டில் உட்கார்ந்து ஐஸ்க்ரீம் சாப்பிடுகிறாள். அப்புறம் காபிக் கடையில் ரொம்ப சாதாரணமாக ஷாம்பெயின் கேட்கிறாள். ஜோ தன் பர்ஸை ஒருமுறை நினைத்துப் பார்த்துவிட்டு, தனக்கு வெறும் காபி போதும் என்கிறான். அவளைச் சுற்றிக் காட்டும் செலவுக்கு அவன் நண்பன் இர்விங்கிடம் கைமாற்று வாங்க வேண்டியிருக்கிறது. அந்த இர்விங்தான் சிகரெட் லைட்டருக்குள் ஒளித்த காமிராவில், அவளுக்குத் தெரியாமல் படம் எடுத்துக்கொண்டே இருப்பவன். ஐயாயிரம் டாலருக்கான முதலீடு அது.

ஆக, ஊரே ஜோடி என்று நினைக்கும் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பொய் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அவள் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்தவளாம். அவன் உரம், ரசாயனம் விற்பவனாம். அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டால், மக்கள் தொடர்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம் என்கிறாள் மகாராஜாவின் மகள். இந்தப் பொய்களையெல்லாம் சுமந்துகொண்டுதான் அவர்கள் சாந்தா மரியா இன் கோஸ்மெதின் தேவாலயத்து வாசலில் இருக்கும் கல் முகத்தின் முன் வந்து நிற்கிறார்கள். பொய்யர்கள் அதன் வாயில் கையை விட்டால் கடித்துவிடும் என்பது ஐதிகம். அவள் கையை வாய் வரை கொண்டுபோய்விட்டுப் பயந்து இழுத்துக்கொள்கிறாள். பிறகு ஜோ கையை விடுகிறான், அலறுகிறான், வெளியே எடுத்தால் கை இல்லை! சட்டைக் கைக்குள் மடக்கி ஒளித்திருக்கிறான். அவள் போடும் கூச்சல் நிஜக் கூச்சல். இளவரசியாக நடித்த ஆட்ரி ஹெப்பர்னிடம் முன்கூட்டிச் சொல்லாமல், ஜோவாக நடித்த கிரிகரி பெக்கும் இயக்குநர் வில்லியம் வைலரும் செய்த குறும்பு அது. ஒரே டேக்கில் முடிந்த காட்சி. விளையாட்டாகப் போய்விடுகிறது என்றாலும், இருவருக்கும் மடியில் கனம் இருக்கும் நேரம் பார்த்துத்தான் அந்தக் கல் முகத்தை எதிரில் நிறுத்தியிருக்கிறார்கள்.

இனி வாஷிங்டன். 1947 அக்டோபரில், ஹாலிவுட்டில் கம்யூனிஸ்டுகள் ஊடுருவியிருக்கிறார்கள் என்று அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று விசாரணை நடத்தியது. நீ கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினரா, எப்போதாவது இருந்தாயா என்பது கேள்வி. வாயைத் திறந்து கூட இருந்தவர்களின் பெயர்களையும் சொன்னவர்கள் உண்டு. பத்துப் பேர் பதில் சொல்ல மறுத்தார்கள். அவர்களில் டால்டன் ட்ரம்போ ஒருவர், அன்றைய ஹாலிவுட்டில் மிக அதிகம் சம்பளம் வாங்கிய திரைக்கதையாசிரியர்களில் சேர்ந்தவர். நாடாளுமன்ற அவமதிப்பு என்று வழக்குப் போட்டார்கள். அடுத்த மாதமே ஸ்டூடியோ முதலாளிகள் கூடி, இந்தப் பத்துப் பேருக்கும் வேலை இல்லை என்று அறிவித்தார்கள். 1950-இல் ட்ரம்போ சிறைக்குப் போனார். சுமார் பத்து மாதம், கென்டக்கி மாநிலத்தின் ஆஷ்லாந்தில்.

வழக்குச் செலவு, குடும்பம், வேலையில்லை. எழுதத் தெரிந்தவன் எழுதித்தானே பிழைக்க வேண்டும்? ஒரு இளவரசி ஒரு நாள் ஓடிப்போகும் கதையை அவர் எழுதினார். அதைத் தன் பெயரில் விற்க முடியாது. நண்பர் இயன் மெக்லெல்லன் ஹன்டர் தன் பெயரைக் கொடுத்தார். நம் ஊர் வார்த்தையில் சொன்னால் பினாமி. ஆனால் இந்தப் பினாமி பணத்தை ட்ரம்போவிடம் சேர்த்துவிட்டார். ஹன்டரையும் பிறகு அதே கறுப்புப் பட்டியலில் சேர்த்தார்கள்.

1954 மார்ச்சில் ஆஸ்கர் விழா. பத்துப் பரிந்துரைகளில் மூன்று விருதுகள் படத்துக்கு வந்தன: சிறந்த நடிகையாக ஹெப்பர்னுக்கு, உடை வடிவமைப்புக்காக எடித் ஹெட்டுக்கு, சிறந்த மூலக்கதைக்காக ஹன்டருக்கு. அந்த மூன்றாவது விருது உரியவரின் பேருக்கு வந்து சேர 1993 வரை ஆனது. ட்ரம்போ 1976-இலேயே இறந்துவிட்டதால் அவர் மனைவி கிளியோ பெற்றுக்கொண்டார். திரைக்கதையில் அவருக்குரிய இடத்தை எழுத்தாளர் சங்கம் முறைப்படி திருப்பித் தந்தது 2011 டிசம்பரில். அதற்காக முயன்றவர்கள் ட்ரம்போவின் மகனும் ஹன்டரின் மகனும்.

இதை வைத்துக்கொண்டு, ஜோ பிராட்லி ஒவ்வொரு முறை வாயை மூடும்போதும் அது ட்ரம்போதான் என்று சொன்னால் மிகை. ஹன்டர் எழுதினார், ஜான் டைட்டன் எழுதினார், இத்தாலியில் என்னியோ ஃபிளையானோவும் சுஸோ செக்கி தாமிக்கோவும்கூடக் கை வைத்திருக்கிறார்கள். பல கை பட்ட பிரதி. (இதே ஃபிளையானோ, 1960-இல் வந்த ‘லா டோல்ச்சே வீட்டா’வின் எழுத்தாளர்களில் ஒருவர். பிரபலங்களைத் துரத்தும் புகைப்படக்காரர்களுக்கு ‘பாப்பராட்சி’ என்ற பெயரை உலகத்துக்குக் கொடுத்த படம் அது. ரோம், காமிரா, ஒளிந்து எடுத்த படம்: ஊர் பொருத்தமாகத்தான் அமைந்திருக்கிறது.) ஆனால் கதையின் முடிச்சு எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஒருவரைப் பற்றிய அந்தரங்கத் தகவல் உன்னிடம் இருக்கிறது, அதற்கு நல்ல விலையும் இருக்கிறது, சொல்வாயா, மாட்டாயா? 1947-க்குப் பிறகு ஹாலிவுட்டில் அந்தக் கேள்வியைச் சந்திக்காத மேசையே இல்லை.

இயக்குநர் வைலரும் அந்த நாட்களில் ஒதுங்கி நின்றவர் இல்லை. ஜான் ஹூஸ்டன், ஃபிலிப் டன் ஆகியோரோடு சேர்ந்து, விசாரணைகளை எதிர்த்து ஓர் அமைப்பைத் தொடங்கியவர். கதை முதலில் இன்னொரு இயக்குநரான ஃபிராங்க் காப்ராவிடம் இருந்து, கைமாறி இவரிடம் வந்தது. காப்ரா எடுத்திருந்தால் கேரி கிராண்டும் எலிசபெத் டெய்லரும் நடித்திருப்பார்களாம். கற்பனை செய்து பார்க்க எனக்கு விருப்பமில்லை.

வைலர் பிடித்த பிடி, படத்தை ரோமிலேயே எடுக்க வேண்டும் என்பது. போருக்குப் பிறகு அமெரிக்க ஸ்டூடியோக்கள் இத்தாலியில் சம்பாதித்த பணத்தை இஷ்டத்துக்கு வெளியே கொண்டுபோக முடியாது. அங்கேயே செலவழிக்கத் தடையில்லை. அதனால் படத்தைத் தயாரித்த பாரமவுண்ட் ஸ்டூடியோவுக்கும் இது ஒத்துவந்தது. 1952 கோடையில் தெருக்களிலும் சினேசித்தா ஸ்டூடியோவிலுமாக எடுத்து முடித்தார்கள். முழுப் படமும் ரோமில் எடுக்கப்பட்டது என்று எழுத்துப் போடும்போதே பெருமையாகச் சொல்லிவிடுகிறார்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்ததும் நல்லதாகப் போயிற்று. கலரில் இருந்திருந்தால் நீரூற்றுகளும் வெஸ்பா ஸ்கூட்டரும் சுற்றுலாத் துறை விளம்பரமாகப் போயிருக்கும். இப்போதே கொஞ்சம் அப்படித்தான் இருக்கிறது. இதே ஊரில் நான்கு வருடத்துக்கு முன் சைக்கிள் திருடு போனதால் ஒரு குடும்பம் நொறுங்கிப்போவதை இத்தாலியர்கள் படமாக எடுத்திருந்தார்கள். வைலரின் ரோமில் பூக்காரர்கூட, காசு போதாத பெண்ணுக்கு ஒரு பூவை இனாமாகக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

ஹெப்பர்னைத் தேர்ந்தெடுத்த கதைக்கு வருவோம். 1951 செப்டம்பரில் லண்டன் பைன்வுட் ஸ்டூடியோவில் சோதனைப் படப்பிடிப்பு. நடத்தியவர் தரால்ட் டிக்கின்சன். காட்சி முடிந்ததும் ‘கட்’ சொன்னார்கள். ஆனால் காமிராவை நிறுத்தவில்லை. முடிந்துவிட்டது என்று நினைத்த பெண், கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, சரியாக இருந்ததா என்று கேட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் வைலர் முடிவெடுத்தார். பெயர் பெற்ற நட்சத்திரமான பெக், விளம்பரங்களில் தன் பெயருக்கு இணையாக அவள் பெயரும் வர வேண்டும், இல்லாவிட்டால் பின்னாளில் தன்னைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள் என்று சொல்லி மாற்ற வைத்தார். நல்ல மனிதர். ஆனால் நடிப்பைக் கேட்டால், படத்தின் முதல் பாதியில் பெக் கொஞ்சம் விறைப்புதான். பணத்துக்காக ஒரு பெண்ணை ஏமாற்றும் ஆளுக்குரிய நெளிவு அவரிடம் வருவதில்லை. கடைசி அரைமணியில் அந்த விறைப்பே அவருக்குக் கைகொடுக்கிறது.

சோதனைப் படத்தில் அவளுக்குத் தெரியாமல் ஓடிய காமிரா, கல் முகத்தின் முன் அவளுக்குச் சொல்லாமல் செய்த குறும்பு, இரண்டையும் ஒன்றாக யோசித்தால் சங்கடமாக இருக்கிறது. காரில் பிரியும் காட்சியில் அழுகை வரவில்லை என்று வைலர் திட்டித் தீர்க்க, ஹெப்பர்ன் அதிர்ச்சியில் அழுதுவிட்டாராம்; அந்த அழுகைதான் படத்தில் இருக்கிறது. இர்விங் லைட்டர் காமிராவில் இளவரசிக்குச் செய்வதைத்தான் படக்குழு ஹெப்பர்னுக்குச் செய்திருக்கிறது. நாம் விரும்பும் அந்த முகத்தின் பல கணங்கள் இப்படிக் கேட்காமல் எடுத்தவை. படம் யாரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறதோ அந்த வரிசையில் படம் எடுத்தவர்களுக்கும் பார்க்கும் நமக்கும் ஓர் இடம் இருக்கிறது.

அந்தக் கார் காட்சியைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அதற்குச் சற்று முன், ஜோவின் அறையில், தனக்குச் சமைக்கத் தெரியும், தைக்கத் தெரியும், யாருக்காகவும் செய்ய வாய்ப்புத்தான் இல்லை என்கிறாள். சமையலறை இருக்கிற வீடாகப் பார்த்துக் குடிபோக வேண்டும்போல, என்கிறான். காதலைப் பற்றி இருவரும் பேசியது இவ்வளவுதான். பிறகு கார். அந்த மூலையில் திரும்பிப் போய்விடுவேன், நீ காரை விட்டு இறங்காதே, நான் திரும்பிய பிறகு பார்க்காதே என்று வாக்கு வாங்கிக்கொள்கிறாள். நான் இளவரசி என்று அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்று அவனும் சொல்லவில்லை.

தூதரகத்தில் பெரியவர்கள் கடமையைப் பற்றி உபதேசம் தொடங்குகிறார்கள். கடமையை நான் அறியாமல் இருந்திருந்தால் இன்றிரவு திரும்பி வந்திருக்கவே மாட்டேன், ஒருநாளும் வந்திருக்க மாட்டேன் என்கிறாள். வழக்கமாகப் படுக்கும் முன் தரும் பாலையும் பிஸ்கட்டையும் வேண்டாம் என்று அனுப்பிவிடுகிறாள். முந்தின இரவு அடம்பிடித்த சிறுமியிடமிருந்து அவள் எவ்வளவு தூரம் வந்துவிட்டாள் என்பதற்கு அந்தப் பால் தம்ளர் போதும். 1994-இல் வந்த ‘மே மாதம்’ படத்திலும் ஓடிவரும் பெண், புகைப்படக்காரன் என்று இந்தக் கதையின் சாயல் உண்டு. ஆனால் இந்தப் பால் தம்ளர் போன்ற காட்சிக்கு ஒரு அரியணை தேவைப்படுகிறது. பணக்கார அப்பா மட்டும் போதாது.

நிஜ உலகமும் விளம்பரத்துக்கு உதவிற்று. 1953 ஜூன் 2, எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழா. அவர் தங்கை மார்கரெட், விவாகரத்தான விமானப்படை அதிகாரி பீட்டர் டவுன்செண்டின் கோட்டில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டதை நிருபர்கள் கவனித்துவிட்டார்கள். அடுத்த வாரங்களில் பத்திரிகைகளுக்கு வேறு தீனியே வேண்டியிருக்கவில்லை. ஆகஸ்டில் இந்தப் படம் நியூயார்க்கில் வெளியானது. 1955 அக்டோபரில் மார்கரெட், அவரை மணக்கப் போவதில்லை என்று அறிவித்தார். அங்கே ஒரு தூசியைக்கூட எந்த நிருபரும் சும்மா விடவில்லை.

மறுபடியும் அந்தக் கூடத்துக்கு வருகிறேன். இடம், பலாட்சோ கொலோன்னாவின் ஓவியக் கூடம். ஜோ தன் ஆசிரியரிடம் கதை எதுவும் இல்லை என்று முன்பே சொல்லிவிட்டான். ஆனால் இர்விங்கைத் தடுக்கவில்லை. படங்கள் உன்னுடையவை, விற்பதானால் விற்றுக்கொள் என்று விட்டுவிட்டான். இதை நான் ரொம்ப ரசிப்பேன். மௌனமாக இருப்பதை ஒருவன் தனக்காகத்தான் முடிவு செய்ய முடியும், அடுத்தவனுக்காக முடியாது.

நாடுகளுக்கு இடையிலான நட்பைப் பற்றி யாரோ கேட்கிறார்கள். நம்பிக்கை இருக்கிறது, மனிதர்களுக்கு இடையிலான உறவில் நம்பிக்கை இருப்பது போலவே, என்று இளவரசி ஜோவைப் பார்த்தபடி சொல்கிறாள். அந்த நம்பிக்கை வீண்போகாது என்று தன் செய்தி நிறுவனத்தின் சார்பில் ஜோ பதில் சொல்கிறான். சபை நடுவே, ராஜதந்திர மொழியில், மன்னிப்பும் வாக்குறுதியும் கைமாறிவிட்டன. சுற்றியிருந்த ஒருவருக்கும் புரியவில்லை. எந்த நகரம் பிடித்தது என்ற கேள்விக்கு, எழுதிக் கொடுத்த பதிலைப் பாதியில் விட்டுவிட்டு, ரோம் என்கிறாள்.

பிறகு நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒன்றைச் செய்கிறாள். இறங்கிவந்து பத்திரிகையாளர்களுக்கு ஒவ்வொருவராகக் கை கொடுக்கிறாள். இர்விங் ஓர் உறையை நீட்டுகிறான், ரோம் பயணத்தின் நினைவாக என்று. அவள் லேசாகத் திறந்து எட்டிப் பார்க்கிறாள்: படகில் நடந்த சண்டையில், அவளைத் தேடி வந்த ரகசியப் போலீஸ்காரர் ஒருவர் தலையில் அவள் கிட்டாரால் அடிக்கும் படம். மூடிவிட்டு நன்றி சொல்கிறாள். அடுத்து ஜோ. தன் முழுப் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் சொல்கிறான். அவளிடம் நேருக்கு நேராக நின்று தன் உண்மையான வேலையை அவன் சொல்வது அதுதான் முதல் முறை.

அந்த வரிசையில் நிற்பவர்களில் பலர் நடிகர்கள் இல்லை. ரோமில் அப்போது வேலை பார்த்த நிஜ வெளிநாட்டு நிருபர்கள். பார்சிலோனாவின் ‘லா வான்குவார்டியா’, மாட்ரிட்டின் ‘ஏபிசி’ என்று தங்கள் பத்திரிகையையும் சொந்தப் பெயரையும் அவர்களே சொல்லி இளவரசிக்குக் கை கொடுக்கிறார்கள். இரண்டு வரி பேசிய நிருபர்கள்கூடத் தங்கள் நிஜப் பெயரோடு பதிவாகிவிட்டார்கள். 1953-இல் திரையரங்குகளில் ஓடிய பிரதியில் எந்த இடத்திலும் இல்லாத பெயர், டால்டன் ட்ரம்போ.